நஸார் கடைத் தகரக் குவளை

"என்ன நஸார் நானா இது? எல்லாருக்கும் கண்ணாடி கிளாசு, இவருக்கு மட்டும் தகரக் குவளையா?"

இலங்கை மலையகத்தில், நோட்டன் பிரிட்ஜில் நஸாரின் தேத்தண்ணிக் கடை. ஞாயிற்றுக்கிழமை என்பதால் சாமான் வாங்க வந்த தோட்டத்து ஜனம் வாங்குப் பலகைகளை நிறைத்து உட்கார்ந்திருந்தது. கேட்டவர் கந்தப்பன், தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர்.

அவர் கை காட்டிய இடத்தில், உள்ளே அடுப்பு மூலையில், சாக்கைப் போட்டுக் குந்தியிருந்தார் வீரய்யா. கவ்வாத்து வெட்டுகிறவர். தேயிலைச் செடியைக் கத்தியால் கழிப்பதில் தோட்டத்திலேயே கெட்டிக்காரர். சாதியில் மட்டும் அவரை ஒரு படி தள்ளியே வைத்திருந்தார்கள். முன் வாங்கில், தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் கங்காணி நல்லமுத்து காலை ஆட்டிக்கொண்டு கிளாசில் குடிக்கிறார். சொல்லவும் வேண்டுமா? கந்தப்பனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"தலைவரே, கொஞ்சம் உள்ள வாங்க, சொல்றேன்" என்றார் நஸார்.

"எதுக்கு உள்ள? நாலு பேர் முன்னால சொல்லுங்க. ஒங்க மார்க்கத்துல சாதி இல்லேம்பீங்க. கங்காணி மனசு கோணக்கூடாதுன்னு இந்த வேலையா?"

நஸாரின் கண் கங்காணி பக்கம் போய்த் திரும்பியது.

"எனக்கு இங்கனயே நல்லாருக்குங்க" என்றார் வீரய்யா.

"பயப்படாதீங்கண்ணே, நான் இருக்கேன்."

பேச்சோடு நிற்கிற ஆளா கந்தப்பன்? வீரய்யாவைத் தோளைப் பிடித்துக் கூட்டிவந்து கங்காணிக்குப் பக்கத்திலேயே உட்காரவைத்தார். தளும்பத் தளும்ப ஒரு கிளாசை வாங்கி அவர் கையில் திணித்தார்.

கிளாசு ஆடியது. சும்மா இல்லை, வெடவெடவென்று ஆடியது. பாதித் தேத்தண்ணி கங்காணி வேட்டியிலும் மீதி தரையிலும் போயிற்று.

ஒருவன் சிரித்தான். "விடியறதுக்குள்ள ஏத்திக்கிட்டாரு போல."

"இது என்னமோ சீக்குப்பா" என்று இன்னொருவன் தள்ளி உட்கார்ந்தான்.

கங்காணி சிரிக்கவில்லை. அந்தக் கையையே பார்த்தார். "இந்தக் கையோடதான் கவ்வாத்து வெட்டுறியா?"

"கத்திய இறுக்கிப் புடிச்சா நின்னுருதுங்க. லேசானதப் புடிச்சாத்தான் ஆடுது."

"நீ கால வெட்டிக்கிட்டா தொர என்னையத்தான் கேப்பாரு. நாளைக்குக் காலையில பெரட்டுல ஆள் பிரிக்கையில ஒனக்கு வேல இல்ல. தோட்டத்துல இருந்தே பேர வெட்டச் சொல்லிர்றேன்."

வேலை போனால் குடியிருக்கிற லயத்துக் காம்பராவும் போகும். அங்கிருந்த எல்லாருக்கும் அது தெரியும். வீரய்யா கந்தப்பனை ஒரு தடவை பார்த்தார். பிறகு ரோட்டில் இறங்கி நடந்தார்.

கூட்டம் கலைந்ததும் நஸார் சாக்கை எடுத்துத் தரையைத் துடைத்தார்.

"அவருக்குக் கை நடுக்கம் வந்து நாளாச்சு தலைவரே. குவளைன்னா பிடி இருக்கு, ரெண்டு கையாலயும் புடிச்சுக்கலாம். அதுலயும் அரைவாசிதான் ஊத்துவேன். கங்காணி கண்ணுல படக்கூடாதுன்னுதான் அடுப்பு மூலையில உக்கார வச்சேன். அந்தக் குவளையும் வேற யாரோடதும் இல்ல, நான் குடிக்கிறது."

கந்தப்பன் வாங்கில் உட்கார்ந்துவிட்டார். நியாயம் கேட்கப்போய் ஒரு மனுசனின் சோற்றில் மண்ணைப் போட்டாயிற்று.

"கங்காணிகிட்ட நான் பேசுறேன் நானா."

"பேசுங்க." நஸார் குனிந்த தலை நிமிரவில்லை. "இந்தத் தடவயாவது தனியாக் கூப்பிட்டுப் பேசுங்க."