பூ வைக்கும் நேரம்

பிரவீனா, நர்மதாவின் பின்னால் நின்றுகொண்டு, ஹேர்பின்னைப் பல்லில் கடித்தபடி, பூச்சரத்தைச் செருக இடம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாப்பிள்ளையின் உடன்பிறந்தவள்தான் பூ வைக்க வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். வைத்துவிட்டால் பேச்சு முடிந்தது, அவள் அவர்கள் வீட்டுப் பெண். நாலரைக்கு ராகுகாலம் வந்துவிடும். அதற்குள் ஆக வேண்டும்.

வந்தவர்களிடம் நர்மதா இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை. பேச விட்டால்தானே? பெண் பார்க்க வந்த இடத்தில் பெண்ணைத் தவிர மற்ற எல்லோருக்கும் வாய் உண்டு. என்ன படிப்பு, என்ன நட்சத்திரம், சமைக்கத் தெரியுமா, எல்லாவற்றுக்கும் அப்பா தீர்த்தகிரியே பதில் சொல்லிவிட்டார்.

முப்பத்து மூன்று வயது. ஆட்டையாம்பட்டியில் அந்த வயதுப் பெண்ணை வீட்டில் வைத்துக்கொண்டு ஒரு தகப்பன் கடைவீதிக்குப் போய்வருவது லேசுப்பட்ட காரியமா? ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்று காபியைக் குடித்துவிட்டுப் போனவர்கள்தான் எத்தனை பேர்! இன்றைக்குத்தான் கையில் பூவோடு ஒரு கூட்டம் வந்திருக்கிறது.

அவளுக்கும் மாப்பிள்ளை கௌதமனைப் பிடித்துப்போயிற்று. டம்ளரை எடுக்கும்போது, சூடா இருக்குது, பாத்துப் புடிங்க என்று தட்டைத் தாங்கினான். அவ்வளவுதான். இது எப்படியாவது நடந்துவிட வேண்டுமே என்று அவள் வேண்டாத சாமியில்லை.

"உங்க ஊரு முனிசிபாலிட்டியிலதானுங்க எம் பொண்ணு. வரிப் பிரிவுல கணக்கு அலசற வேலை. வசூல் ஏறுனதே இவளாலதான்னு கமிஷனரே மேடையில சொன்னாருங்க" என்றார் தீர்த்தகிரி, பெருமை தாங்காமல்.

பொய்யில்லை. பெரிய பாக்கி வைத்திருந்த மில்காரர்கள் வரிக்குக் கோர்ட்டில் தடை வாங்கி வைத்திருந்தார்கள். அவர்களிடம் காலணா தேறாது. பழைய வசூலையெல்லாம் மாதக்கணக்கில் அலசிப் பார்த்து நர்மதா ஒன்றைக் கண்டுபிடித்தாள். விசேஷம் வைத்திருக்கிறவன்தான் உடனே கட்டுகிறான். சொந்தபந்தத்தின் முன்னால் மானம் போய்விடக் கூடாதே என்று வட்டிக்கு வாங்கியாவது கட்டிவிடுகிறான்.

சமுதாயக் கூடத்தை யார் எந்தத் தேதிக்குப் பிடித்திருக்கிறார்கள் என்பது ஆபீசிலேயே இருந்தது. அதை வரி பாக்கியோடு சேர்த்துப் பார்த்தாள். அப்புறமென்ன, முகூர்த்தநாள் தவறாமல் மைக் செட் கட்டிய ஆட்டோ ஒன்று கூடத்து வாசலில் போய் நின்றது.

பெயர்களை மட்டும் அவள் பார்க்க மாட்டாள். வேண்டியவன், வேண்டாதவன் என்று யாரும் ஒரு சொல் சொல்லிவிடக் கூடாதென்று, பெயர் வரும் இடத்தைத் திரையில் மறைத்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவாள். அவ்வளவு நியாயமான பெண்.

முனிசிபாலிட்டி என்றதும் மாப்பிள்ளையின் அம்மா பெரியநாயகியின் முகம் சுருங்கிப்போயிற்று.

"உன்னயச் சொல்லல சாமி, நீ கணக்குதான பாக்கற. அந்த ஆட்டோ வந்து நின்னுதான் எங்க பிரவீனா நிச்சயம் நின்னுபோச்சு. தறிக் கொட்டாய்க்கு வரி பாக்கியாம். மாப்பிள்ளையூட்டுக்காரங்க தட்டைக்கூடத் தொடாம பஸ் ஏறிட்டாங்க. புருசனில்லாதவ, நான் ஒருத்தியா நின்னுட்டு யாரைன்னு தடுப்பேன்?"

பின்னால் பிரவீனா பின்னலை மெதுவாகத் தூக்கிப் பிடித்தாள்.

மாப்பிள்ளையின் தாய்மாமன் மருதாசலம் சும்மா இருந்திருக்கலாம். சட்டைப்பையிலிருந்து செல்போனை எடுத்தார். அன்றைக்கு எடுத்த வீடியோவை இன்னும் அழிக்காமல் வைத்திருந்தார், மனுசன்.

'அன்பார்ந்த பொதுமக்களே, இங்கு சுபநிகழ்ச்சி நடத்தும் குடும்பத்தார் நகராட்சிக்குச் செலுத்த வேண்டிய சொத்து வரியைச் செலுத்தவில்லை என்பதை...'

தேன் போன்ற பெண்குரல். நிறுத்தி, நிதானமாக, ஒவ்வொரு எழுத்தாகப் பேசியது.

தீர்த்தகிரி மகளைப் பார்த்தார். பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார்.

"அதைய நிறுத்துங்க... நேரமாகுது, பூவை வெச்சிருங்க" என்றார். அவருடைய குரல் அவருக்கே கேட்டிருக்காது.

மருதாசலம் நிறுத்தவில்லை. பெரியநாயகி நாற்காலியை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு நர்மதாவின் முகவாயைத் தொட்டாள்.

"நீ அங்கயேதான இருக்கற. இதுல பேசறவ யாருன்னு உனக்குத் தெரியுமா சாமி?"

நர்மதா இல்லையென்று தலையாட்டினாள்.

"வாயத் தொறந்து சொல்லு சாமி. உன்ற கொரலை நாங்க இன்னும் கேக்கவே இல்லையே" என்று சிரித்தாள் பெரியநாயகி. கௌதமனும் சிரித்தான். எல்லோரும் அவளையே பார்த்தார்கள்.

"தெரியாதுங்க அத்தை."

செல்போன் இன்னும் பேசிக்கொண்டிருந்தது. அந்தச் சின்ன அறையில் ஒரே குரல் இரண்டு இடத்திலிருந்து கேட்டது.

கூந்தலுக்குள் நுழைந்த விரல்கள் அப்படியே நின்றன.

"அண்ணி" என்றாள் பிரவீனா, பின்னாலிருந்து, மெதுவாக. "இன்னொருக்கா சொல்லுங்க."