மோர் கடித்த வயர்

“மோர் கடித்துவிட்டது” என்றான் கராஜ்காரன் பிரேபன், அறுந்த வயரை என் மூக்குக்கு நேரே பிடித்தபடி.

டெனிஷ்காரன், டெனிஷில்தான் சொன்னான். டெனிஷில் மோர் என்றால் அம்மா. எங்கள் வீட்டில் மோர் என்றால் என் மனைவி மனோரஞ்சிதம். மகள் சின்னதில் நாள் முழுக்க “மோர், மோர்” என்று கூப்பிடுவாள். கனடாவிலிருந்து வந்த மாமி ஒருத்தி, இந்தப் பிள்ளைக்கு இவ்வளவு தாகமா என்று கேட்டதுண்டு.

அதனால் நான் திரும்பி மனோவைத்தான் பார்த்தேன். அவள் கராஜ் மூலையில் பிளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கோபம் வந்தால் கடிக்கக்கூடியவள்தான். ஆனால் வயரை?

நேற்றுப் பின்னேரத்திலிருந்து எனக்கு ஒன்றும் சரியில்லை. முதலில் ரீவி இருண்டது. பிறகு என் போன் தொலைந்தது. இன்று காலை ஹொல்ஸ்டெப்ரோ பட்டணத்தைத் தாண்ட முதலே பிக்கப் மூச்சை விட்டது. மஞ்சள் விளக்கு எரிந்து, எஞ்சின் சக்தி குறைக்கப்பட்டுள்ளது என்று ஒரு வசனம் வந்தது. ஏறி மிதித்தாலும் நாற்பதுதான். உழவு மெசின் ஒன்று எங்களை முந்திப்போனது. ஓட்டினவர் கையும் காட்டினார்.

ஏழரைச் சனி என்று முடிவு கட்டினேன்.

இரண்டு மணிக்கு நான் கொப்பன்ஹேகனில் நிற்கவேண்டும். பிக்கப்பின் பின்னால் ஒலிபெருக்கிப் பெட்டிகள், ஜெனரேட்டர், “சண்டையை நிறுத்து” என்று மூன்று மொழியில் எழுதிய பதாகைகள். வன்னிச் சண்டையை நிறுத்தச் சொல்லி எங்கள் ஆட்கள் கிழமைக்கணக்கில் தெருவில் நின்று தொண்டை கிழியக் கத்துகிறார்கள். என் பெட்டிகள் போகாமல் அந்தச் சத்தம் உலகத்துக்குக் கேட்காது, கேட்காமல் சண்டை நிற்காது என்பது என் உறுதியான நம்பிக்கை.

இந்த இலட்சணத்தில், ஒரு மாதமாக ரீவிச் செய்திக்கு முன்னால் விடிய விடிய முழித்திருந்த நான், நேற்று ரீவி இல்லாத குறைக்கு நேரத்தோடு படுத்துக் குறட்டை விட்டிருக்கிறேன். எழும்பினபோது வெட்கமாக இருந்தது.

மனோ இன்று வேலைக்குச் சுகமில்லை என்று சொல்லிவிட்டு, தானும் வருவேன் என்று ஏறிக்கொண்டாள். ஏன் என்று கேட்டதற்குத் தேத்தண்ணி ஊற்றித்தர ஆள் வேண்டாமா என்றாள்.

பிரேபன் தன் கம்ப்யூட்டரைக் கொழுவி விளக்கம் சொன்னான். எஞ்சினுக்குக் காற்று விடுகிற கதவில் இரண்டு சென்சர் இருக்கிறதாம். இரண்டும் ஒரே சேதி சொல்லவேண்டும். ஒன்று ஒரு கதையும் மற்றது வேறு கதையும் சொன்னால் வண்டி இரண்டையும் நம்பாது, பயந்து மெல்லப் போகும். இரண்டு பக்கச் செய்தியும் பார்த்துப் பார்த்து எங்களுக்குப் பழகின வியாதிதான்.

பிறகு வயர்க் கட்டைக் கையால் அசைத்தான். எஞ்சின் இருமியது. அந்த இடத்தைப் பிரித்தபோது ஒரு வயர் அறுந்து தொங்கியது. அப்போதுதான் மோர் கடித்துவிட்டது என்று சொன்னான்.

“மனோ, வயரை நீரே கடிச்சனீர்?”

மனோவின் முகம் வெளிறிப்போனது.

“கடிக்கேல்லை. கத்தரிக்கோலாலைதான் வெட்டினனான்.”

எங்கள் தமிழ் விளங்காத பிரேபன் வயரில் ஒட்டியிருந்த மயிரைக் கிள்ளி எடுத்துக் காட்டினான். பல்லை இளித்து நறநறத்தான். இரண்டு கையாலும் நீளமாக ஒரு வால் வரைந்தான். இரவில் வந்து சூடான எஞ்சினில் ஏறிப் படுக்குமாம்.

மரநாய்! டெனிஷில் அதற்கும் மோர் மாதிரித்தான் சத்தம். இருபது வருடமாக இந்த மொழியில் சம்பளம் வாங்குகிறேன், இது தெரியவில்லை.

மனோவிடம் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அப்போதுதான் கத்தரிக்கோல் ஞாபகம் வந்தது.

“அப்ப நீர் எந்த வயரை வெட்டினனீர்?”

“டிஷ் வயரை.”

“என்ரை போன்?”

“அரிசிப் பைக்குள்ளை.”

அவள் என்னைப் பார்க்கவில்லை. பிளாஸ்க் மூடியைத் திருகித் திருகிப் பூட்டினாள். “நீங்கள் ஒரு ராவாவது நித்திரை கொள்ளட்டும் எண்டுதான். வழியிலை சொல்லுவம் எண்டு ஏறினனான். வண்டி மெள்ளப் போச்சு, நானும்...”

எதைச் சொல்ல என்று கேட்காமல், பின்னால் போய்ப் பெட்டிகளின் கயிற்றை இழுத்துக் கட்டினேன்.

பிரேபன் வயரைப் பொருத்தி, நாடா சுற்றி, பொனற்றைப் படாரென்று மூடினான். அவனுக்குப் பின்னால் யன்னலில் கட்டை மெழுகுதிரி ஒன்று இருந்தது. மே நாலாம் திகதி வைத்தது. இந்த நாட்டில் அந்தக் காலத்து ஜெர்மன்காரன் சண்டை முடிந்த நாளுக்கு இன்றைக்கும் யன்னலில் மெழுகுதிரி கொளுத்திச் சந்தோசப்படுவார்கள்.

“காலையில் ரேடியோவில் சொன்னார்கள், உங்கள் நாட்டுச் சண்டை முடிந்துவிட்டதாம்” என்றான், வாயெல்லாம் பல்லாக. “தில்லுக்க!”

பிறந்தநாளுக்குச் சொல்கிற வாழ்த்து அது. எண்ணெய்க் கையைத் துடைத்துவிட்டு நீட்டினான். நான் குலுக்கினேன். வேறென்ன செய்வது, நல்ல மனுசன்.

“இனி எவ்வளவு வேகமாகவும் போகலாம்” என்றான்.

மனோ என் கையிலிருந்து சாவியை வாங்கிக்கொண்டாள். எஞ்சின் சத்தமே இல்லாமல் பட்டுப்போல ஓடியது. அதனால் நான் அழுதது அவளுக்கு நன்றாகக் கேட்டிருக்கும்.

பின்னால் “சண்டையை நிறுத்து” மூன்று மொழியிலும் படபடத்தது. வீடு வரைக்கும் அவள் நாற்பதுக்கு மேல் மிதிக்கவில்லை.