நாற்பத்தொன்றாம் நாள் கேள்வி

ரோஷினி பி.காம். கடைசி வருஷம். சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வுக்குப் போனில்தான் படிக்கிறாள். செயலி தினம் ஒரு வழக்கைக் கேள்வியாக அனுப்பும். ஆள் பெயர், ஊர் பெயர் இருக்காது. பயிற்சி இலவசம் என்பதால் எழுதும் பதில் செயலிக்குச் சொந்தம்; அதை யாருக்கு வேண்டுமானாலும் விற்கும். வசதியுள்ள பிள்ளைகள் பணம் கட்டித் தங்கள் பதிலைத் தாங்களே வைத்துக்கொள்கிறார்கள்.

அவள் அப்பா தங்கமாயனின் மூன்று விரல்களைக் கல் உடைக்கும் கிரஷர் தின்றுவிட்டது. நஷ்டஈடு கேட்டுப் போட்ட மனுவுக்கு இன்று போனில் தீர்ப்பு வந்தது. நீதிபதி நாற்காலியில் இப்போது ஆள் உட்காருவதில்லை; தீர்ப்பு எழுதுவது கணினி.

"படி தாயி."

"தள்ளுபடி பண்ணிட்டாங்கப்பா."

"என்னத்துக்காம்?"

"வியர்வைக்காகக் கையுறையைக் கழற்றிய தொழிலாளி, ஆபத்தைத் தெரிந்தே ஏற்றவர்…"

அடுத்த வரியைப் பார்க்காமலே அவளால் சொல்ல முடிந்தது. முதலாளி தரப்பில் வாதாடு என்று நாற்பத்தொன்றாம் நாள் வந்த கேள்விக்கு அவள் எழுதிய பதில் அது. அப்பா கையுறையைக் கழற்றியிருந்தது அன்று அவளுக்குத் தெரியாது.

"எவனோ கெட்டிக்காரன்தான் எழுதியிருக்கான்," என்றார் தங்கமாயன். "என் மேலதான் தப்புன்னு எனக்கே தோணுது. நீ வக்கீலுக்குப் படிக்கிறவ. எங்கயாச்சும் ஓட்டை இருக்கான்னு பாரு, அப்பீல் போவோம்."

இரண்டு முறை வாசித்தாள். ஓட்டை இல்லை. எதிர்த்தரப்பு எங்கெல்லாம் நுழையும் என்று யோசித்து, ஒவ்வொன்றாக அவளே அடைத்திருந்தாள். அதற்குத்தான் அன்று முழு மதிப்பெண்.