சத்தம் போடுகிற கார்டு

“கம்ப்யூட்டர்ல கேம் ஆட இந்த கிராஃபிக்ஸ் கார்டு போதும் சார், ரெண்டு மாடல்ல வருது. இது மூணு ஃபேன், சத்தமே கேட்காது. அது ரெண்டு ஃபேன், வேகத்தை ஏத்தினா வீட்டுக்குள்ள ஏரோப்ளேன் கிளம்புற மாதிரி இருக்கும்” என்றார் கடைக்காரர்.

வந்தவர் யோசிக்கவே இல்லை. “ரெண்டு ஃபேனையே குடுங்க தம்பி.”

“எல்லாரும் சத்தம் இல்லாததைத்தான் சார் கேட்பாங்க.”

“பழைய கார்டை ஓவர்க்ளாக் பண்றேன்னு வேகத்தை ஒரேயடியா ஏத்திட்டேன். நேத்து கருகிப்போச்சு. எப்படி ஏத்தணும்?”

“கொஞ்சம் கொஞ்சமா ஏத்துங்க. ஒவ்வொரு தடவையும் அரை மணி நேரம் ஓடவிட்டுச் சூடு பாருங்க. எண்பது டிகிரியைத் தாண்டினா உடனே குறைச்சிடுங்க.”

அவர் அதை ஒரு மருந்துச் சீட்டின் பின்பக்கம் எழுதிக்கொண்டார். “ராப்பகலா ஓடினாத் தாங்குமா? நடுவுல நிக்கவே கூடாது.”

“அப்படி என்ன சார் விளையாட்டு? உங்க பையனுக்குத்தானே? கூட்டிட்டு வாங்க, நாலு வார்த்தை கேட்டு அனுப்புறேன்.”

அவர் சீட்டை மடித்தார்.

“அவன் செத்து ஒரு மாசமாச்சு தம்பி. படுத்த படுக்கையா இருக்கிற அவன் அம்மாகிட்ட இன்னும் சொல்லலை. பக்கத்து ரூம்ல இந்தச் சத்தம் கேட்டா, விளையாடிக்கிட்டு இருக்கான்னு திட்டிக்கிட்டே தூங்கிடுவா. நேத்துலேருந்து சத்தம் இல்லை. கண்ணை மூடவே மாட்டேங்கிறா.”

கடைக்காரர் இரண்டு ஃபேன் கார்டை எடுத்து மேஜையில் வைத்தார். “பையனை நேர்ல பார்க்கணும்னு கேட்க மாட்டாங்களா சார்?”

“உயிரோட இருந்தப்பவும் அவன் அந்த ரூமை விட்டு வந்து அவளைப் பார்த்ததில்லையே.”