முகம் பார்த்தவள்

"பெட்டியைத் திறக்கவே கூடாதுன்னு சொல்லி அனுப்பியிருக்காகக்கா. நாளாகிப்போச்சாம்."

தம்பி கர்ணன் சொன்னது சுருளியம்மாள் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. நடுவீட்டில் கிடந்த பெட்டியையே வெறித்துக்கொண்டிருந்தாள். தகப்பன் இல்லாத குறை தெரியாமல் வளர்த்த ஒரே மகன் இனியன், விமானம் ஓட்டப் படிக்க வடக்கே போனவன், இப்படியா ஓடைப்பட்டிக்குத் திரும்பி வரவேண்டும்?

கொட்டுகிற மழை. எதிரே இருப்பது எதுவும் தெரியாமல் தரையிறங்கிய அந்தச் சின்ன விமானம், ஓடுபாதையைத் தாண்டி ஓடிப் பள்ளத்தில் கவிழ்ந்துவிட்டது. உள்ளே இருந்தது இரண்டே பேர். இனியனும், அவனுக்குக் கற்றுக்கொடுத்த கோயம்புத்தூர்க்காரர் வினோத்ராஜும். இருவரும் பிழைக்கவில்லை.

இரண்டு பெட்டிகளும் ஒரே ஆஸ்பத்திரியிலிருந்துதான் கிளம்பின. கோயம்புத்தூருக்குப் போனது முந்தாநாளே போய்ச் சேர்ந்துவிட்டது. ஓடைப்பட்டிப் பெட்டி, அதே பாழாய்ப்போன மழையில் வழியில் மாட்டிக்கொண்டு இன்றுதான் வந்தது.

"மழை பேஞ்சா வண்டியை எடுக்காதடான்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். 'ஆத்தா, இது என்ன டூவீலரா'ன்னு சிரிச்சான்டா" என்றாள் சுருளியம்மாள். "தோட்டத்துல தெராச்சைப் பழத்தை அழிக்குதேன்னு மழையை வஞ்சுக்கிட்டே இருந்தேன். எம்புள்ளையவே கொண்டுபோயிருச்சே!"

கர்ணனின் போன் அடித்தது. வினோத்ராஜின் அம்மா. அக்காவிடம் நீட்டினான்.

"ஏனுங்க, பையனைக் கொண்டாந்துட்டாங்களா?" அந்தக் குரல் உடைந்து போயிருந்தது. "நாங்க பொட்டியைத் தொறக்கவே இல்லீங்க. வேண்டாம்னாங்க, அப்படியே எரிச்சுப்போட்டோம். சாம்பலைக்கூடப் பேரூர்ல ஆத்துல கரைச்சாச்சு. பெத்தவ கடைசியா மொகத்தைப் பாக்காம அனுப்பிச்சுட்டனேன்னு பொட்டுத் தூக்கமில்லீங்க. நீங்களாச்சும் பாத்துருங்க."

போனை வைத்ததும் சுருளியம்மாள் எழுந்தாள்.

"ஏலே கர்ணா, ஆணியைக் கழட்டு. எல்லாரும் வெளிய போங்க. நான் எம்புள்ளையப் பார்க்கணும்."

கர்ணன் ஆணிகளைப் பிடுங்கிக் கொடுத்துவிட்டு வெளியே வந்து நின்றான். இந்தா அலறப்போகிறாள், இந்தா அலறப்போகிறாள் என்று கதவையே பார்த்துக்கொண்டிருந்தான். உள்ளே ஒரு சத்தமும் இல்லை.

கதவு திறந்தபோது பெட்டி பழையபடி மூடியிருந்தது.

"நானும் ஒருவாட்டி பார்த்துக்கிறேன்க்கா. தாய்மாமன்ல நான்!"

"வேணாம். நான் பார்த்ததே போதும். ஆணியை அடி."

"அக்கா..."

"அடிறா. மாலை, கோடித்துணி, வாய்க்கரிசி, ஒண்ணு குறையக் கூடாது. மூடி மேலயே போடுங்க."

சொன்னபடி எல்லாம் நடந்தது. அவள் மட்டும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. "அழுதுரு ஆத்தா, நெஞ்சு வெடிச்சுரும்" என்று பெண்கள் கட்டிப்பிடித்து உலுக்கினார்கள். அப்படியே மரக்கட்டையாக உட்கார்ந்திருந்தாள். பெற்ற வயிறு இப்படியும் கல்லாகுமா என்று கர்ணனுக்கே பயமாக இருந்தது.

கொள்ளி வைத்து, தலை முழுகி, அவன் வீடு திரும்பிய நேரத்தில் வினோத்ராஜின் அம்மா மறுபடியும் கூப்பிட்டார்.

"மொகத்தைப் பாத்தீங்களா?"

"பார்த்தேன் தாயி" என்றாள் சுருளியம்மாள். "ஒரு கீறல் இல்ல. அசந்து தூங்குற கணக்கா இருந்துச்சு. ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துலதானே உக்காந்திருந்தாக? உங்க மகனும் அப்படித்தேன் இருந்திருப்பாரு. இனியாச்சும் நல்லாத் தூங்குங்க."

போன் அவள் கையிலிருந்து நழுவியது. அதுவரை அடைத்து வைத்திருந்ததெல்லாம் பீறிட்டு வர, தரையில் விழுந்து புரண்டு கதறினாள்.

கர்ணன் ஓடிப்போய்த் தாங்கிப் பிடித்தான். "எல்லாம் முடிஞ்ச பெறகு அழுகுறியேக்கா! எரிக்கிறதுக்கு முன்னாடி அழுதிருக்கக் கூடாதா?"

"எம்புள்ளைய முந்தாநாளே எரிச்சுட்டாகடா, கர்ணா. நீ இன்னைக்குக் கொள்ளி வச்சது அந்த ஆத்தா பெத்த மகனுக்கு!"