ஞாயிற்றுக்கிழமை ரிப்பேர்

போன் வருவதற்குள் துப்பாக்கியைக் கெடுத்தாக வேண்டும்.

சர்ச் முடிந்து வந்த சாராள் வெள்ளைச் சேலையைக்கூட மாற்றவில்லை. பீரோவிலிருந்து பெட்டியை எடுத்தாள். துப்பாக்கியின் காற்று சிலிண்டரை லேசாகத் தளர்த்தினாள். 'உஸ்ஸ்' என்று சன்னமாகச் சத்தம் வந்தது. போதும்.

பயப்பட வேண்டாம். போட்டியில் காகித அட்டையைச் சுடுகிற காற்றுத் துப்பாக்கிதான். மகள் ரூத் இதைப் பிடித்துத்தான் மெடல் வாங்கினாள். விளையாட்டுக் கோட்டாவில் ரயில்வே வேலை கிடைத்து பிலாஸ்பூருக்குப் போனதும் இதனால்தான்.

"ஹாஸ்டல்ல வெக்க எடமில்லமா. நீ பத்திரமா பாத்துக்க. புதுப்பட்டினத்து உப்புக் காத்துக்குத் துரு புடிச்சிரும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பெற்ற தாயே அதைக் கெடுக்கலாமா என்றால், கெடுக்கக் கூடாதுதான்.

ஆனால் கணவர் தேவசகாயம் உயிரோடு இருந்தவரை அந்த வீட்டில் பேச்செல்லாம் அவர் பேச்சுதான். அம்மாவும் மகளும் அவர் வழியாகத்தான் பேசிக்கொண்டார்கள். அவர் போன பிறகு போனில் ஒருத்தி "சாப்ட்டியா?" என்பாள். இன்னொருத்தி "சாப்ட்டேன், நீ?" என்பாள். அதற்கு மேல் இரண்டு பேருக்கும் ஒன்றும் ஓடாது. வைத்துவிடுவார்கள். பிறகு சாராளுக்குத் துணை, ஓடுகிற ஃபேன் சத்தம்தான்.

ஒரு ஞாயிறு நிஜமாகவே சிலிண்டர் லீக் ஆனது. அன்றைக்கு ரூத் அரை மணி நேரம் பேசினாள். அதிலிருந்து வாரம் ஒரு கோளாறு. ஒரு வாரம் லீக், ஒரு வாரம் டிரிகர், இன்னொரு வாரம் குறி பார்க்கிற சைட்டின் திருகு.

பக்கத்து வீட்டுக்காரி சின்னப்பொண்ணு ஒருநாள் கேட்டேவிட்டாள். "இன்னாக்கா, ஒம் பொண்ணு ஒன்னியப் பத்தி ஒரு வார்த்த கேக்க மாட்டேங்குது? அதுக்குத் துப்பாக்கிதான் பெருசாக் கீது."

சாராள் அவளோடு இரண்டு நாள் பேசவில்லை. ஏனென்றால் சாராளுக்கும் அப்படித்தான் தோன்றிக்கொண்டிருந்தது.

போன் அடித்தது.

"சாப்ட்டியாமா?"

"ஆச்சு. ரூத்து, திரும்பவும் லீக் ஆவுதுடி."

ரூத்தின் குரலில் சட்டென்று சுறுசுறுப்பு வந்துவிட்டது. "எங்க? சிலிண்டர் சேர்ற எடத்துலயா?"

"அங்கதான்."

"சோப்புத் தண்ணி தொட்டு வெய்யி. குமிழி வருதா?"

"குட்டி குட்டியா வருது."

"கயட்டிப் பாரு. உள்ள ரப்பர் வாஷர் இருக்கும். வெடிச்சிக்கீதா?"

"இரு, கண்ணாடியத் தேடறேன்."

கண்ணாடி மூக்கின் மேல்தான் இருந்தது. இருந்தாலும் கொஞ்ச நேரம் தேடினாள்.

"வெடிக்கல. நல்லாத்தான் கீது."

"சரி, லேசா கிரீஸ் தடவி மாட்டு. ஆமா, போன வாரம் டிரிகர் சொன்னியே, அரைக் கிலோ எடைக்கல்ல அதுல மாட்டித் தூக்கிப் பாத்தியா?"

"பாத்தேன். தாங்குது."

"நம்ம காய்க் கடைக் கல்லுதானே? எடை சரியாக் கீதா?"

"என் கல்லு கொறையாதுடி."

ரூத் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காக சாராள் வாரம் முழுக்க மார்க்கெட்டில் கத்தரிக்காய் விற்றுக்கொண்டு காத்திருப்பாள்.

"நீ ஒண்டியா எவ்ளோதாம்மா பாப்ப? செங்கல்பட்டு கிளப்புல கலைவாணன் அண்ணா கீறாருல்ல, துப்பாக்கி ரிப்பேர் பண்றவரு, அவர வரச் சொல்லிக்கீறேன்."

சாராள் அவசரமாகக் குறுக்கிட்டாள். "அவரு எதுக்கு? நான் பாத்துக்கறேன்."

"இல்லமா. அவரு வந்தாத்தான் சரி வரும். வெச்சிடறேன்."

துப்பாக்கி சரியாகிவிட்டால் ஞாயிற்றுக்கிழமை போய்விடும். பேசாமல் கடல் தண்ணீரில் ஒரு முக்கு முக்கிவிடலாமா என்றுகூட சாராள் யோசித்தாள். மகள் கை பட்டுப் பட்டு வழுவழுப்பான மரப்பிடியைப் பார்த்ததும் மனசு வரவில்லை. துடைத்து உள்ளே வைத்தாள்.

புதன்கிழமை கலைவாணன் பைக்கில் வந்து இறங்கினான். சாராள் டீ கொடுத்தாள், முறுக்கு கொடுத்தாள், செங்கல்பட்டில் மழையா என்று விசாரித்தாள். அவன் எல்லாவற்றையும் முடித்துவிட்டுப் பெட்டியைத் திறந்தான்.

சிலிண்டரைத் திருகிப் பார்த்தான். சைட்டைப் பார்த்தான். திருகுகளைச் சுற்றி இருந்த ஸ்குரூடிரைவர் கீறல்களை விரலால் தடவினான்.

"துப்பாக்கி மேல தப்பு இல்லம்மா. யாரோ வேணும்னே லூசு பண்ணிக்கீறாங்க."

சாராள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"நான்தான் தம்பி. இதுக்கு ஒண்ணுன்னாத்தான் அது எங்கூடப் பேசுது. நீ சரி பண்ணிட்டுப் போயிட்டா, அப்பறம் எனக்கு சாப்ட்டியா, சாப்ட்டேன்தான். ரூத்துகிட்ட மட்டும் சொல்லிடாத."

கலைவாணன் துப்பாக்கியைப் பெட்டிமேல் வைத்தான்.

"அதுக்குத் தெரியும்மா. வேலைல சேர்ந்த மாசமே அங்க புதுத் துப்பாக்கி குடுத்துட்டாங்க. இத கிளப்புக்குக் குடுத்துடேன்னு நான்கூடக் கேட்டேன், மாட்டேன்னுட்டுது. அந்த ஊருல அதுக்கும் லீவு நாள்ல பேச்சுத் துணைக்கு ஒரு ஆள் கெடையாதாம்."

சாராளுக்கு அழுகை வந்தது. முந்தானையால் துடைத்துக்கொண்டாள். "அப்பறம் சரி பண்றதுக்கு ஒன்ன எதுக்கு அனுப்பிச்சுது?"

"சரி பண்ணவா?" கலைவாணன் ஸ்குரூடிரைவரைக் கையில் எடுத்தான். "'அம்மா பண்ற ரிப்பேருலாம் அர மணி நேரத்துல முடிஞ்சிடுதுண்ணா, நீங்க போயி லேசுல சரியாவாத மாதிரி ஒண்ணு பண்ணிட்டு வாங்க'ன்னுதாம்மா அனுப்பிச்சுது."