முந்நூறு வருஷத்துச் சுவர்

கடலோரப் பூங்காவின் பாறைகளைக் காட்டி முடித்த புது வழிகாட்டி, கோட்டைச் சுவரின் முன் நின்றான்.

"முந்நூறு வருஷமா அலை அடிக்குது, ஒரு கல் அசையல. இந்தக் காலத்துக் கொத்தனாருங்க ஏழு ஜென்மம் எடுத்தாலும் இப்படிக் கட்ட முடியாது!"

கூட்டம் சிரித்தது. கூட்டத்திலிருந்த ஒரு கொத்தனாரின் மனைவிக்குச் சுருக்கென்றது. அவள் புருஷனோ சுவரைத் தடவிக்கொண்டிருந்தார்.

"சார், தொடாதீங்க! சரித்திரம் அது!"

அவர் பவ்யமாகக் கையை எடுத்துக்கொண்டார்.

"வாயைத் திறந்து சொல்றதுக்கென்ன?" மனைவி பல்லைக் கடித்தாள். "மூணு வருஷம் முன்னால புயல்ல இது இடிஞ்சப்போ, விழுந்த கல்லையே அடுக்கித் திரும்பக் கட்டினது நீங்கதான்னு!"

"உஷ், காரியத்தைக் கெடுத்துடாதே! மூணு வருஷத்துச் சுவரை முந்நூறுங்கிறான். இதைவிடப் பெரிய சர்டிபிகேட்டை எனக்கு எவன் தருவான்?"